லாபம், ரெண்டு, மூணு

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். ஆடலூரில் மூன்று நாளாக விடாத மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. அதனால் இதை இரண்டு மூன்று தவணையாக எழுதிச் சேர்த்திருக்கிறேன். முன்னுக்குப் பின் இருந்தால் டீச்சருக்கு வயதாகிவிட்டது என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு பழைய மாணவி போன் செய்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். மகன் ஒன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். எடுத்த எடுப்பில் அழுகை. "நானெல்லாம் என்ன அம்மா டீச்சர்!" என்கிறாள். பதறிப்போய்க் கேட்டால், விஷயம் மஞ்சள் சட்டை. பள்ளியில் அன்று 'எல்லோ டே'. எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள் சட்டையில் வந்திருக்க, இவள் மகன் மட்டும் யூனிபார்மில் போய் நின்றிருக்கிறான். மூலையில் உட்கார்ந்து அழுதானாம். பள்ளியின் வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் போட்டிருக்கிறார்கள்தான். ஆனால் முந்தின நாள் மட்டும் அந்தக் குரூப்பில் 64 மெசேஜ். பாதி குட் மார்னிங் பூங்கொத்து. ஷிப்ட் முடிந்து வந்தவள் எதைப் பார்ப்பாள்?

அவள் கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "டீச்சர், எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனும் கிடையாது. ஆனா ஸ்கூல்ல ஒரு விசேஷம்னா டாண்ணு வந்து நிப்பாங்க. எனக்குப் படிக்கத் தெரியும், கையில போன் இருக்கு, என்னால போக முடியல. அது எப்படி டீச்சர்?"

அதோடு இன்னொன்றும் கேட்டாள். பையனுக்குக் கணக்கு வரவில்லையாம். பத்தைத் தாண்டினால் தடுமாறுகிறானாம். "ஒண்ணாப்புக்கே டியூசன்ல போடவா?"

பதில் சொல்ல ஆரம்பித்தேன். டவர் போய்விட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

கண்ணு, உங்க அம்மா வந்து நின்றதற்கு நான் காரணம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதற்கு முன்னால் ஐந்து வருடம் நான் செய்த தப்பு உனக்குத் தெரியாது. நீ அப்போது பிறந்திருக்கவே மாட்டாய்.

நான் 1986-ல் மலைக்கு வேலைக்கு வந்தேன். திண்டுக்கல்லில் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு வந்த போஸ்டிங். தருமத்துப்பட்டி தாண்டி பஸ் மலை ஏற ஏற எனக்கு வாந்தி. பன்றிமலை வருவதற்குள் டிரங்குப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். ஈராசிரியர் பள்ளி. எந்தப் பள்ளி என்று எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் காப்பித் தோட்டங்களில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். மற்றவர்கள் மலைவாழை, மிளகு என்று கொஞ்சம் காடு வைத்திருப்பவர்கள்.

முதல் வாரமே ஒரு பையனை நிறுத்தி எண்ணச் சொன்னேன். முன்னால் புளியங்கொட்டையைக் குவித்து வைத்திருந்தேன். அவன் தெளிவாக, ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினான்: "லாபம், ரெண்டு, மூணு, நாலு…" நான், "லாபமா? ஒன்னுன்னு சொல்லுடா" என்று திருத்தினேன். மறுபடியும் "லாபம்" என்றான். மூன்றாம் தடவை குரலை உயர்த்தினேன். பையன் வாயை மூடிக்கொண்டான். அந்த வருடம் முழுவதும் என்னிடம் அவன் எண்ணியதே இல்லை.

நெல்லோ தானியமோ படியால் அளக்கும்போது முதல் படியை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லி அளப்பது நம் வழக்கம். என் தாத்தா களத்தில் நின்று அப்படித்தான் அளப்பார், நானே கேட்டு வளர்ந்திருக்கிறேன். ஆனால் பயிற்சி முடித்து, கையில் சாக்பீஸ் வந்த பிறகு அது எனக்கு மறந்துபோனது. அந்தப் பையன் வீட்டில் யாரோ அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அளந்திருக்கிறார்கள். அவனுக்கு ஒன்றுக்கு ஒன்று தப்பாமல் எண்ண வந்தது அதனால்தான். நான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் கெடுத்தேன்.

அதைவிடப் பெரிய தப்பு 1991-ல் நடந்தது. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். கணக்கு சுத்தமாக வரவில்லை. சிலேட்டில் 37-ம் 25-ம் கூட்டச் சொன்னால் 512 என்று எழுதுவாள். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, மூன்றும் இரண்டும் ஐந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுவாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அவள் அம்மாவை வந்து பார்க்கச் சொல்லி நோட்டீஸ் எழுதி அனுப்பினேன். வரவில்லை. இரண்டாவது அனுப்பினேன். வரவில்லை. ஆண்டு விழாவுக்கு அனுப்பினேன். அந்தப் பெண் கும்மியில் முன்வரிசையில் ஆடினாள், அம்மா வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை, வகுப்பில் எல்லார் முன்னாலும், "உங்க அம்மாவுக்கு உன் மேல அக்கறையே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

பதினோரு நாள் பார்த்தேன். சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்து லைன் வீட்டுக்கு நடந்தே போனேன். அறுவடைக் காலம். பழம் எடுத்துவிட்டு அப்போதுதான் வந்து, இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் அந்த அம்மா வெளியே ஓடி வந்தார். "டீச்சரம்மா, உள்ள வாங்க" என்று பாயை விரித்தார். நான் உட்காராமலே, நோட்டீஸ் அனுப்பினேனே, ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

அவர் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தார். ரேஷன் கார்டு, பிள்ளை பிறந்த சீட்டு, ஒரு அடகு ரசீது. அதற்குக் கீழே, மடிப்புக் கலையாமல், நான் அனுப்பிய மூன்று நோட்டீஸ். "பள்ளிக்கூடத்துல குடுத்த காயிதம்னு பத்திரமா வச்சிருக்கேனுங்க. எப்பவாச்சும் கேப்பீங்கன்னு."

புருஷன் கேரளாவில் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பெண். நோட்டீஸில் தன்னைப் பற்றிப் புகார் இருக்கும் என்று பயந்து அவள் படித்துக் காட்டவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் புத்திசாலித்தனம் அது. நான் தகவலை அனுப்பினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அனுப்பியது காகிதம் மட்டும்தான்.

சுவரில் அடுப்புப் பக்கம் கரிக்கோடுகள். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. நான்கு கோடு, குறுக்கே ஒன்று. மூன்று வரிசை. மேல் வரிசை பால் கணக்கு. நடு வரிசை தன் பழம், கீழ் வரிசை தன் நாத்தனாருடையது. எடை போடும் இடத்தில் மேஸ்திரி நோட்டில் ஒன்று எழுதினால், இங்கே சுவரில் ஒன்று ஏறும். சனிக்கிழமை சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஏதோ தோன்றி, கதவுக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "நேத்து உங்கம்மா எத்தனை கிலோ?"

"முப்பத்தேழு."

"அத்தை?"

"இருபத்தஞ்சு."

"ரெண்டு பேரும் சேர்த்து?"

"அறுபத்திரெண்டு."

யோசிக்கவே இல்லை. விரலை மடக்கவில்லை. எப்படிடீ சொன்னே என்றால், "முப்பதும் இருபதும் அம்பது, ஏழும் அஞ்சும் பன்னெண்டு, அறுவத்தி ரெண்டு" என்கிறாள். இதே கணக்குதான் சிலேட்டில் 512. அம்மா சிரித்துக்கொண்டே, "அவதாங்க என் கணக்குப்பிள்ளை" என்றார்.

அப்போது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இருபத்தொன்பது முப்பது வயது, டீச்சர் என்ற மிதப்பு. "திங்கக்கிழமை அனுப்பி வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பெண் வந்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தாள். அவள் கல்யாணத்தில்தான் அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு ஞாபகமே இல்லை. "நீங்க வீடு தேடி வந்தீங்கல்ல, அதுதான் ஞாபகம் இருக்கு" என்றார். போன தை மாதம் அவர் காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன்.

இதைப் பற்றி உலகத்தில் பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கிறது என்பது எனக்கு ரிட்டயர் ஆன பிறகுதான் தெரியும். என் தங்கை மகன் அனுப்பிப் படித்தேன். பிரேசிலில் ரெசிஃபி என்ற ஊரில் தேங்காய், பழம் விற்கும் தெருப்பிள்ளைகளிடம் மூன்று ஆராய்ச்சியாளர்கள் வாடிக்கையாளர் மாதிரிப் போய்க் கணக்குக் கேட்டார்கள். நூற்றுக்கு 98 சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 37-தான் சரி. 1985-ல் வெளியான கட்டுரை. நான் சிலேட்டையும் கரிக்கோட்டையும் பார்த்துத் திகைத்து நின்றதற்கு ஆறு வருடம் முன்னால்! 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்த இன்னொரு ஆய்வு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ எல்லாம் சேர்ந்து செய்தது. சந்தைப் பிள்ளைகளுக்கு மனக்கணக்கு வருகிறது, பள்ளிக் கணக்கு வரவில்லை. பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. இரண்டாவது பாதியையும் கவனியுங்கள். நம் வீட்டு டாக்டர், இன்ஜினியர் கனவுப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பி மீதிச் சில்லறையைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, உன் அம்மா எப்படி டாண்ணு வந்தார் என்ற கதைக்கு வருகிறேன்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நோட்டீஸ் எழுதுவதை விட்டேன் என்று சொல்ல முடியாது. மேலதிகாரிக்குக் காட்ட ஒரு காப்பி வேண்டுமே! ஆனால் அதை நம்பியிருப்பதை விட்டேன். பழம் எடை போடும் இடம், டீக்கடை, ரேஷன் போடும் நாள், கடைசி பஸ். இந்த நான்கு இடத்திலும் வாயால் சொன்னேன். கடைசி பஸ் கண்டக்டர் அண்ணன் ஒருவர் இருந்தார். டிக்கெட் கொடுக்கும்போதே, "வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல விழா, போயிருங்க" என்று சொல்லிக்கொண்டே வருவார். ஆனால் வாயால் சொன்னதில் தேதி நிற்காது. "வர்ற வெள்ளியா, அடுத்த வெள்ளியா டீச்சர்?"

அதற்குத்தான் காப்பிக் கொட்டை. தோட்டத்தில் உதிர்ந்து கிடப்பதைப் பிள்ளைகளே பொறுக்கி வருவார்கள். சீசன் இல்லாதபோது புளியங்கொட்டை, மொச்சை, எதுவானாலும் சரி. விழாவுக்கு ஒரு வாரம் முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆளுக்கு ஏழு கொட்டையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். வீட்டில் அம்மாவின் கையில் கொட்டி எண்ணிக் காட்ட வேண்டும். ராத்திரி படுக்கும் முன் ஒன்றை எடுத்து வெளியே போட வேண்டும். மீதி எத்தனை என்று அம்மா கேட்க வேண்டும். என்றைக்குக் காலையில் பொட்டலம் காலியாக இருக்கிறதோ அன்றைக்கு விழா. வெள்ளி ராத்திரி ஆறு, சனி ஐந்து, இப்படியே வியாழன் ராத்திரி ஒன்றும் இல்லை. வெள்ளி காலை அம்மா தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

முதல் தடவை கூத்துதான். நான்கு அம்மாக்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றார்கள். பிள்ளைகளுக்கு ஆசை, ஒரே நாளில் இரண்டு கொட்டையை வெளியே போட்டிருக்கிறார்கள். அரை நாள் கூலியை விட்டு வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? வகுப்பிலேயே உட்கார வைத்தேன். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதை, குச்சிக்கட்டு வைத்துக் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நடத்திய பெற்றோர் கூட்டங்களிலேயே அதுதான் சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். இன்னொரு பையனுக்குக் கொட்டை குறைவதே பிடிக்கவில்லை. முற்றத்தில் இருந்து இரண்டைப் பொறுக்கி உள்ளே போட்டுவிட்டான். அவன் பாட்டி விழா முடிந்து இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, புதுச் சேலை கட்டிக்கொண்டு பூட்டிய பள்ளிக்கூடத்தின் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்திலேயே குடியிருந்ததால் தெரிந்தது. அவனைக் கூட்டி வந்து, அவன் பாடிய பாட்டை அந்த ஒரு பாட்டிக்காக மறுபடி பாட வைத்தோம். (தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். இப்போது போலீஸில் இருக்கிறாய், கோபித்துக்கொள்ளாதே.)

விழாவுக்காக ஆரம்பித்த வேலை, கணக்குக்கு உதவும் என்று நான் திட்டம் போடவில்லை. தானாக நடந்தது. ஏழில் ஒன்று போனால் ஆறு என்பதை ஒரு பிள்ளை ஒரு வாரம் முழுக்க அம்மாவின் உள்ளங்கையில் பார்க்கிறது. 'ஒன்றுமில்லை' என்பதும் ஒரு எண் என்று அதற்கு வெள்ளிக்கிழமை காலையில் புரிகிறது. நான் கரும்பலகையில் பூஜ்யத்தை எத்தனை வட்டம் போட்டாலும் அது வராது. கொட்டை பொறுக்கும்போதே இரண்டாம் வாய்ப்பாடும் வந்துவிட்டது. ஒரு காப்பிப் பழத்துக்குள் இரண்டு கொட்டை. எட்டுப் பழத்துக்கு எத்தனை என்று கேட்டால் ஒருத்தி, "பதினாறு டீச்சர், ஆனா ஒத்தக்கொட்டை இருந்தா குறையும்" என்றாள். சில பழத்தில் உருண்டையாக ஒரே கொட்டைதான் இருக்கும், மலைக்காரர்களுக்குத் தெரியும். எந்தப் பாடப்புத்தகம் அந்த விடையை ஏற்கும்?

அதன் பிறகு அம்மாக்களிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டாம், நீங்கள் வீட்டில் எண்ணும்போது வாய்விட்டு எண்ணுங்கள், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சீப்புக்கு எத்தனை பழம், தாருக்கு எத்தனை சீப்பு, உலைக்கு எத்தனை ஆழாக்கு, பூ எத்தனை முழம். அவர்கள் அறிவொளியில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட காலம் அது. "எங்களுக்கு என்ன டீச்சர் தெரியும்" என்பார்கள். சுவரில் கரிக்கோடு போட்டுவிட்டு அந்தப் பேச்சு!

2007, 2008 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டை, ஏணிப்படி, பாயில் உட்கார்ந்து படிப்பது. நல்ல முறை. ஆனால் அதை யாரும் பெற்றோருக்குச் சொல்லவில்லை. வீட்டுப்பாடம் இல்லை, புத்தகத்தைத் தொடுவதில்லை, டீச்சர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். "விளையாட்டுக் காட்டுறாங்க" என்று பிள்ளைகளைக் கீழே தனியார் பள்ளிக்கு மாற்றியவர்கள் உண்டு. இப்போது 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் ஒரு தாய் என்னிடம் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் தெரியுமா, "டீச்சர், என் மகன் அரும்புல இருக்கானாம்!" அரும்பு என்றால் அடிநிலை என்று அவருக்கு யார் சொல்வது? நான்தான் மெதுவாகச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. அப்புறம், சரி, மொட்டுக்குப் போக என்ன செய்யணும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் அவருக்கு அரை மணி நேரம் பதில் சொன்னேன்.

பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே என்பீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். சட்டம் அருமை. கூட்டத் தகவல் மட்டும் குடும்பத்தில் யாருடைய நம்பர் பதிவாகியிருக்கிறதோ அந்தப் போனுக்கு வருகிறது. இங்கே மலையில் பாதி வீட்டில் அது அப்பாவின் போன். அப்பா கேரளாவிலோ திருப்பூரிலோ இருப்பார். நீல டிக் விழுந்துவிடும், பள்ளியும் தகவல் சேர்ந்தது என்று எழுதிக்கொள்ளும். பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்புகிற அம்மாவுக்கோ பாட்டிக்கோ ஒன்றும் தெரியாது. என் பழைய தகரப் பெட்டி இப்போது அப்பா பாக்கெட்டில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இங்கே பக்கத்தில் ஒரு இளம் ஆசிரியை, அறிவிப்பைப் படமாகப் போடுவதை விட்டுவிட்டு, தன் குரலிலேயே அரை நிமிடம் பேசி அனுப்புகிறாள். அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். பாட்டிகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார்கள். பேத்தி பெயர் வருகிறதா என்று பார்க்கத்தான்.

இனி, திருப்பூர் கண்ணு, உனக்கு.

குரூப்பில் ஒரு நம்பிக்கையான அம்மாவைப் பிடித்துக்கொள். முக்கியமானதை மட்டும் உனக்கு வாய்ஸ் மெசேஜாகப் போடச் சொல். பதிலுக்கு அவளுக்கு நீ ஏதாவது செய்து கொடு. அப்புறம் சுவரில் தினசரி காலண்டர் இருக்கிறதல்லவா, ஒவ்வொரு நாளும் தாள் கிழிப்போமே, அதைப் பையன் பொறுப்பில் விடு. விசேஷம் வரும் தாளில் மஞ்சள் சட்டையோ, மாறுவேடமோ, அவனையே ஒரு படம் வரையச் சொல். இன்னும் எத்தனை தாள் என்று தினமும் அவன் உனக்குச் சொல்லட்டும். நீ மறந்தாலும் அவன் மறக்க மாட்டான்.

டியூசன் வேண்டாம். உன் வீட்டில்தான் உன் அம்மா இருக்கிறாரே! பையனோடு தாயம் ஆடச் சொல். இரண்டு கட்டையை உருட்டி, விழுந்ததைக் கூட்டி, அத்தனை கட்டம் காயை நகர்த்த வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு அதற்கு மேல் என்ன கணக்கு? கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்று இரண்டு பேர் அமெரிக்காவில் ஏழை வீட்டுச் சிறுபிள்ளைகளை 1 முதல் 10 வரை கட்டம் போட்ட ஒரு விளையாட்டை ஆட வைத்தார்கள். இரண்டு வாரத்தில் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி, இருபது நிமிடம். அவ்வளவிலேயே எண்ணறிவு கூடியது. எண்ணுக்குப் பதில் வண்ணம் பூசிய கட்டத்தில் ஆடிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் வரவில்லை. 2008-ல் எழுதியிருக்கிறார்கள். பல்லாங்குழியும் அப்படித்தான். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து. குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பார்த்ததும் நான்கு என்று தெரியாத பிள்ளை பசுவை விட்டுவிடும். இரண்டு ஆட்டத்தில் கற்றுக்கொள்ளும்.

அவன் பத்துக்கு மேல் தடுமாறுவது மூளைக் குறையில்லை. தர்ட்டீன், தர்ட்டி இரண்டும் காதில் ஒன்றாக விழுகிறது. தர்ட்டீனில் மூன்று முதலில் கேட்கிறது, அதனால் 31 என்று எழுதுகிறான். லெவன், ட்வெல்வில் பத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நம் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றில் பத்து முன்னால் நிற்கிறது. முதலில் பாட்டியோடு தமிழில் எண்ணட்டும், இங்கிலீஷ் பின்னாலேயே வந்துவிடும். ஒரே இடத்தில் தமிழும் காலை வாரும், அதையும் சொல்லிவிடுகிறேன். எண்பத்தொன்பதுக்கு அடுத்து தொண்ணூறு. நூறு வராத இடத்தில் 'நூறு' என்று ஒலிக்கிறது. தொள்ளாயிரத்திலும் அதே வம்பு. அந்த இடத்தில் பிள்ளை தடுக்கினால் சிரிக்காதீர்கள், பத்து ரூபாய்த் தாள் ஒன்பதை எண்ணிக் கையில் கொடுங்கள்.

'நூற்றிரண்டு' என்றால் 1002 என்று எழுதுவானாம். எல்லாப் பிள்ளையும் எழுதும். நூறு ரூபாய் நோட்டு ஒன்று, ஒரு ரூபாய்க் காசு இரண்டு, இதை மேஜையில் வை. பத்து ரூபாய் இடம் காலி என்று அவனே சொல்வான். அந்தப் பெண்ணின் 512-ஐ நான் இப்படித்தான் சரி செய்தேன். விளக்குமாற்றுக் குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி, முப்பத்தேழையும் இருபத்தைந்தையும் அவள் அம்மா, அத்தை பெயர் சொல்லித் தரையில் வைத்தேன். உதிரிக் குச்சி பன்னிரண்டு சேர்ந்ததும் அவளே ரப்பர் பேண்டை எடுத்துப் பத்தைக் கட்டி அந்தப் பக்கம் தள்ளினாள்.

இவ்வளவும் எழுதி முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. டவர் கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்று திருப்பூருக்குப் பேசினேன். பையனே போனை எடுத்தான். பாட்டி புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாராம், அவன்தான் எண்ணுகிறானாம். "சொல்றேன் கேளுங்க டீச்சர் பாட்டி" என்று எண்ணிக் காட்டினான். லாபம், ரெண்டு, மூணு என்று ஆரம்பித்து நாற்பது வரை போனான். பதின்மூன்றில் தடங்கவே இல்லை.

திங்கட்கிழமை கிளாஸிலும் இப்படியே எண்ணப் போகிறானாம். அவன் மிஸ்ஸுக்கு முன்கூட்டியே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.